இடது பக்கமே திரும்புகிற கார்: வாசகர் கேள்வி பதில்

போன இதழில், எங்கள் உச்சிப்புளி வீட்டுத் தாழ்வாரத்தில் ஒரு பலகைமேல் குட்டி ஸ்டாக் கார்களை ஓடவிடுவது பற்றி அரைப் பக்கம் எழுதியிருந்தேன். பலகையில் முட்டை வடிவத்தில் பள்ளம் வெட்டி, பள்ளத்தின் இரண்டு கரையிலும் செம்புப் பட்டை ஒட்டி, அதிலிருந்து கரண்ட் எடுத்து ஓடுகிற ‘ஸ்லாட் கார்’ வகை. அரைப் பக்கத்துக்கு இத்தனை கேள்வி வரும் என்று நானும் நினைக்கவில்லை, ஆசிரியரும் நினைக்கவில்லை. தொண்டியிலிருந்து சாயல்குடி வரை கடலோரத்துக்காரர்கள்தான் அதிகம் எழுதியிருக்கிறீர்கள். எல்லாவற்றுக்கும் இடம் இல்லை, ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

ஸ்டாக் கார் என்றால் என்ன? ஷேர் மார்க்கெட் ஸ்டாக்கா? கிண்டல் இல்லை, நிஜமாகவே தெரியாது.
வாசகி, தேவிபட்டினம்

கடையில் போய் ஸ்டாக் இருக்கா என்று கேட்கிறோமே, அந்த ஸ்டாக். ஷோரூமில் நிற்கிற வண்டியை அப்படியே கொண்டுவந்து பந்தயம் விடுவது என்று தொடங்கியது. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் கள்ளச்சாராயம் கடத்தினவர்கள் போலீஸுக்குப் பிடிகொடுக்காமல் இருக்க, பார்த்தால் சாதாரண வீட்டு வண்டி மாதிரி இருக்கிற கார்களையே முடுக்கிவிட்டு ஓட்டினார்கள், அப்புறம் யார் வண்டி வேகம் என்று தங்களுக்குள்ளேயே மண் தரையில் வட்டமடித்துப் பார்த்தார்கள். இந்தப் பந்தயங்களை ஒரு ஒழுங்குக்குள் கொண்டுவர 1947 டிசம்பரில் ஃப்ளோரிடா மாநிலத்து டேடோனா பீச்சில் ஒரு ஹோட்டலில் கூடிப் பேசினார்கள். 1948 பிப்ரவரியில் இந்தப் பந்தயங்களை நடத்துகிற நாஸ்கார் அமைப்பு பிறந்தது, முன்னின்றவர் பில் பிரான்ஸ். இன்றைக்கு ஓடுவது ஷோரூம் வண்டி இல்லை, இரும்புக் குழாய்ச் சட்டத்தின் மேல் மாட்டின கூடு. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

நம்ம பக்கத்து ஆட்களுக்குப் பிடிக்கிற மாதிரி ஒரு விஷயம் சொல்கிறேன். டேடோனாவில் இப்போதைய பெரிய ஓவலை, அதாவது முட்டை வடிவப் பந்தயப் பாதையை, 1959-ல்தான் திறந்தார்கள். அதுவரைக்கும் ஒரு பக்கம் கடற்கரை மணலில் போய், திரும்பி, மறுபக்கம் தார் ரோட்டில் வருகிற மாதிரிதான் பந்தயம் நடந்தது. தனுஷ்கோடி ரோட்டைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அது ஞாபகம் வரும். யாரும் முயற்சி செய்து பார்க்க வேண்டாம்.

சும்மா வட்டமாகச் சுற்றுவதில் என்ன திறமை இருக்கிறது? செக்கு மாடுகூடத்தான் சுற்றுகிறது.
கல்லூரி மாணவர், கீழக்கரை

செக்கு மாட்டை லேசாக நினைக்காதீர்கள் தம்பி, பதில் அங்கேதான் இருக்கிறது. ஓவலில் கார் இடது பக்கம் மட்டும்தான் திரும்பும். பிறந்ததிலிருந்து வலது பக்கமே திரும்பாத ஒரு வண்டியை எதற்கு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி கட்ட வேண்டும்? இதை யோசிக்க ஆரம்பித்தால் விட மாட்டீர்கள். நல்ல ஓவல் கார் கோணல் கார்தான். வேண்டுமென்றே கோணலாகக் கட்டுவது, அதுவும் எவ்வளவு கோணல் என்று தெரிந்து கட்டுவது, வேலையே அதுதான்.

முதலில் எடை. இடது பக்கம் திரும்பும்போது பாரம் எல்லாம் வலது சக்கரங்கள்மேல் போய் விழும், இடது சக்கரங்கள் சும்மா தரையைத் தொட்டுக்கொண்டு வரும். நான்கு டயரும் சேர்ந்து பிடித்தால்தான் பிடிப்பு. அதனால் நிற்கும்போதே இடது பக்கம் கனமாக இருக்கிற மாதிரி வைத்துவிட வேண்டும், திருப்பத்தில் கணக்கு ஓரளவு சரியாகிவிடும். வலைக்குக் கட்டுகிற ஈயக்குண்டு நம் ஊரில் கிலோ கணக்கில் கிடைக்கிறது. ஒன்றைச் சுத்தியலால் தட்டித் தகடாக்கி, கத்தரித்து, இரட்டைப் பக்க டேப்பால் சேஸியின் இடது ஓரத்தில் ஒட்டிவிடுங்கள். (தட்டின கையோடு சாப்பிட உட்காராதீர்கள், ஈயம் விஷம்.) எடை பார்க்க சமையலறை டிஜிட்டல் தராசு போதும். தராசின் உயரத்துக்கு ஒரு புத்தகத்தைப் பக்கத்தில் வைத்து, இடது சக்கரங்கள் தராசிலும் வலது சக்கரங்கள் புத்தகத்திலும் நிற்கட்டும். என்னுடைய கார் மொத்தம் 92 கிராம், இடது பக்கம் மட்டும் 53. இதற்கு மேலே ஏற்றிப் பார்த்தேன், பள்ளத்தைவிட்டு ஏறுவது நின்று போய், நேர் பாதையில் எருமை மாதிரி கிளம்ப ஆரம்பித்தது.

அப்புறம் டயர். டீக்கடை பேப்பர் கப்பைப் படுக்கவைத்து உருட்டிப் பாருங்கள். நேராகப் போகாது, சின்னதாக இருக்கிற அடிப்பக்கமாக வட்டமடிக்கும். காரின் பின் அச்சும் ஒரே கம்பிதான், இரண்டு சக்கரமும் சேர்ந்துதான் சுற்றியாக வேண்டும். சக்கரங்களுக்கு நடுவே 6 சென்டிமீட்டர் அகலம் என்றால், ஒவ்வொரு அரைவட்டத் திருப்பத்திலும் வலது சக்கரம் இடதைவிட கிட்டத்தட்ட 19 சென்டிமீட்டர் கூடுதலாக ஓட வேண்டும். இரண்டும் ஒரே அளவாக இருந்தால் ஏதாவது ஒன்று தேய்த்து இழுத்துக்கொண்டுதான் வரும். அதனால் வலது டயரைப் பெரிதாக வைக்கிறோம். களத்தில் பிணையல் அடிக்கும்போது உள்பக்கம் கிழட்டு மாட்டையும் வெளிப்பக்கம் துடியான மாட்டையும் கட்டுவார்களே, அதே கணக்கு. நாஸ்கார் பந்தயத்திலும் இதே கணக்குதான், ஸ்டேகர் என்பார்கள். கணக்குப்படி பார்த்தால் என் டிராக்குக்கு 24 மில்லிமீட்டர் டயருக்கு எதிர்ப்பக்கம் 27 வேண்டும், ஆனால் அப்படிப் போட்டால் நேர் பாதையில் இடது பக்கம் இழுத்து, முன்னால் இருக்கிற வழிகாட்டி முள் பள்ளத்தின் சுவரில் உரசியே வேகம் போய்விடும். நான் 1 மில்லிமீட்டர்தான் வைத்திருக்கிறேன். உங்கள் டிராக்கில் நேர் பாதை குட்டை என்றால் இன்னும் கொஞ்சம் வைக்கலாம்.

செக்கு மாடு இப்படியெல்லாம் யோசிப்பதில்லை என்று சொல்வீர்கள். மாட்டைக் கட்டினவர் யோசித்திருப்பார்.

தடைக்காலத்தில் இரண்டு மாதம் வீட்டில்தான் இருப்பேன். நானும் என் மச்சானும் சேர்ந்து டிராக் செய்ய ஆசை. எங்கிருந்து தொடங்குவது, என்ன பலகை வாங்குவது?
விசைப்படகுத் தொழிலாளி, பாம்பன்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். ஒரு டிராக், நாலு கார், மச்சானோடு இரண்டு சண்டை, எல்லாவற்றுக்கும் தாராளமாகப் போதும்.

பலகை விஷயத்தில் என்னை மாதிரி ஏமாறாதீர்கள். என் முதல் டிராக்கை, மரநாரை அழுத்திச் செய்கிற எம்டிஎஃப் பலகையில்தான் செய்தேன். வெட்டச் சுகமாக இருந்தது, வழவழவென்று இருந்தது, கடைக்காரரும் “பத்து வருஷம் கிடக்கும் சார்” என்றார். ஐப்பசி மழை பிடித்து மூன்றாவது வாரம் பள்ளத்தின் விளிம்பெல்லாம் ஊறின ரொட்டி மாதிரி உப்பி, கார் ஒவ்வொரு திருப்பத்திலும் தடுக்கி விழுந்தது. நம் கடற்கரைக் காற்றுக்கு அது ஆகாது. 710 என்று முத்திரை குத்தின மெரைன் பிளைவுட், 12 மில்லிமீட்டர், எட்டுக்கு நாலு அடி ஒரே ஒரு பலகை வாங்குங்கள். பெரிய செலவு அது ஒன்றுதான்.

அந்த ஒரு பலகையில் இரண்டு தடம் அடங்கும். இரண்டு முனையிலும் அரைவட்டத்தின் மையத்தில் ஆணி அடித்து, ஒரு மரச்சட்டத்தை ஆணியில் மாட்டி மறுமுனையில் தச்சர் பள்ளம் வெட்டுகிற ரூட்டர் மிஷினைக் கட்டிச் சுற்றினால் வட்டம் தானாக விழும். வெளித்தடத்துக்கு ஆரம் 50 சென்டிமீட்டர், உள்தடத்துக்கு 40. நேர் பாதை ஒவ்வொன்றும் 122 சென்டிமீட்டர் வரும். பள்ளம் 3 மில்லிமீட்டர் அகலம், 7 அல்லது 8 ஆழம், அதற்கு மேல் போனால் பலகை தாங்காது. வெளி ஓரத்தில் 11 சென்டிமீட்டர் மிச்சம் இருக்கும், கார் வால் வீசுவதற்கு அந்த இடம் வேண்டும், அதில் விளம்பரப் பலகை, கிராண்ட் ஸ்டாண்டு என்று எதையும் ஒட்டிவைக்காதீர்கள்.

பெயிண்ட் முதலில், செம்பு அப்புறம். சுவருக்கு அடிக்கிற சாதாரண எமல்ஷன், பளபளப்பு இல்லாதது. காய்ந்த பிறகு பள்ளத்தின் இரண்டு கரையிலும் 6 மில்லிமீட்டர் செம்பு டேப்பை ஒட்டிக் கரண்டியின் முதுகால் தேய்த்து அழுத்துங்கள். டேப்போடு டேப் சேருகிற இடத்தில் ஒன்றின்மேல் ஒன்றை ஒட்டினால் மட்டும் போதாது, கட்டாயம் ஈயப்பற்று வைக்க வேண்டும், பசையை நம்பினால் ஒரு மாதத்தில் கார் அங்கே வந்ததும் விக்கும். அடியிலிருந்து இரண்டு மூன்று இடத்தில் வயர் கொடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் தூரத்துத் திருப்பத்தில் கார் சோர்ந்து போகும்.

கரண்டுக்கு சிசிடிவி கேமராவுக்குப் போடுகிற 12 வோல்ட் 5 ஆம்பியர் அடாப்டர் போதும். கரண்ட் போகிற நாளில் பைக் பேட்டரியில் ஓட்டலாம், ஆனால் ஃபியூஸ் இல்லாமல் ஓட்டவே கூடாது, ஒரு ஸ்குரூ டிரைவர் இரண்டு டேப்புக்கும் குறுக்கே விழுந்தால் வயர் சிவந்துவிடும். காருக்குள் இருப்பது பொம்மைகளில் வருகிற 130 மோட்டார்தான், 12 வோல்ட்டுக்கு உரியது என்று கேட்டு வாங்குங்கள், 3 வோல்ட் மோட்டாரைப் போட்டால் புகை வாசனை வரும். மோட்டார் பல்சக்கரம் 9 பல், அச்சில் 27 பல், இதிலிருந்து தொடங்குங்கள்.

விசையிலிருந்து கையை எடுத்த பிறகும் கார் போய்க்கொண்டே இருக்கிறது, திருப்பத்தில் பறந்துவிடுகிறது. பிரேக் வைக்க முடியுமா?
எலெக்ட்ரீஷியன், தொண்டி

முடியும், எலெக்ட்ரீஷியனான உங்களுக்கு ஐந்து நிமிட வேலை. ஒரு 130 மோட்டாரின் இரண்டு காலையும் ஒரு வயரால் சேர்த்துவிட்டு அச்சைக் கையால் சுற்றிப் பாருங்கள், கெட்டியாக இருக்கும். வயரை எடுத்துவிட்டால் லேசாகச் சுற்றும். சுற்றுகிற மோட்டார் ஒரு டைனமோ, அதன் கரண்டுக்குப் போக வழி கொடுத்தால் தன்னையே பிடித்து நிறுத்தும். விசையைக் கைவிட்டதும் சப்ளை அறுந்து, தடத்தின் இரண்டு செம்புப் பட்டையும் ஒன்றோடொன்று சேருகிற மாதிரி இருவழி சுவிட்சாக வயரிங் செய்யுங்கள். அறுந்த பிறகுதான் சேர வேண்டும், சேர்ந்த பிறகு அறுந்தால் உங்கள் ஃபியூஸ் சொல்லும்.

காருக்கு அடியில் பவர்ஃபுல் காந்தம் வைத்தால் பறக்காது என்று வீடியோவில் பார்த்து வாங்கிப் போட்டேன். ஒரு பிரயோஜனமும் இல்லை. காந்தம் டூப்ளிகேட்டா?
வாசகர், திருப்பாலைக்குடி

காந்தம் நல்ல காந்தம்தான். வீடியோவில் இருப்பது கடையில் விற்கிற பிளாஸ்டிக் டிராக், அதன் தண்டவாளம் இரும்பு. உங்களுடையது செம்பு. செம்பைக் காந்தம் இழுக்காது. எங்களைக் கேட்டால் அதுவே நல்லது என்போம், காந்தம் பிடித்து வைத்திருக்கிற கார் கோட்டில் ஓடுகிற ரயில், வால் வீசாது, பார்க்கவும் நன்றாக இருக்காது. அதைத் தூக்கி எறிய வேண்டாம், சுற்று எண்ண உதவும், கீழே சொல்கிறேன்.

மண்டபத்தில் ஃபைபர் படகு கட்டுகிற வேலை பார்க்கிறேன். மிச்சமாகிற ரெசினில் கார் பாடி செய்யலாமா?
வாசகர், மண்டபம்

செய்யலாமாவா! உங்கள் கையில் தொழிலே இருக்கிறது. ஒரு சிக்கல், படகு கட்டுகிற கை கனமான கை. நாஸ்கார் கார் கிட்டத்தட்ட 4.9 மீட்டர் நீளம், நம் கார்கள் நிஜக் காரில் 32-ல் ஒரு பங்கு, அப்படியென்றால் 15 சென்டிமீட்டர். அந்த அளவுக்கு, சதுர மீட்டருக்கு 300 கிராம் கணக்கில் வருகிற கண்ணாடி நார் மேட் ஒரே அடுக்கு போட்டால்கூட, ரெசினோடு சேர்த்துப் பாடி 20 கிராமுக்குப் பக்கமாக வந்துவிடும். இரண்டு அடுக்கு போட்டால் 40. எடை மேலே ஏற ஏறக் கார் கவிழும். அதனால் மெல்லிய டிஷ்யூ மேட் இருக்கிறதே, அதில் ஒரு அடுக்கு, மூலைகளில் மட்டும் இன்னொரு துண்டு. அச்சுக்குக் கல்யாண முருங்கைக் கட்டை செதுக்க வெண்ணெய் மாதிரி இருக்கும், உப்புத்தாள் போட்டுத் தேய்த்து இரண்டு மூன்று தடவை மெழுகு பூசிவிடுங்கள்.

ரெசினை இறுகவைக்கச் சேர்க்கிற கோபால்ட்டையும் கேட்டலிஸ்டையும் நேரடியாக ஒன்றோடு ஒன்று கலக்கக் கூடாது, தீப்பிடிக்கும் என்று உங்களுக்குத் தெரியும். இதைப் படித்துவிட்டு உங்களிடம் வந்து “கொஞ்சம் ரெசின் குடுங்கண்ணே” என்று கேட்கிற பையன்களுக்குத் தெரியாது. கோபால்ட் கலந்த ரெசினை மட்டும் கொடுங்கள், கேட்டலிஸ்டை நீங்களே சொட்டுக் கணக்கில் ஊற்றிவிடுங்கள்.

ரெசின் கிடைக்காதவர்களுக்கு: அதே மரக்கட்டையை அடி வெட்டின இரண்டு லிட்டர் கூல்டிரிங்க்ஸ் பாட்டிலுக்குள் செருகி ஹீட் கன்னால் சூடு காட்டினால் பாட்டில் சுருங்கிக் கட்டையைக் கவ்விக்கொள்ளும். வெட்டி எடுத்து உள்பக்கமாகப் பெயிண்ட் அடியுங்கள், வெளியே பளபளப்பு அப்படியே இருக்கும். பத்து கிராம்கூட வராது. நம்பரை உங்கள் இஷ்டத்துக்கு எழுதுங்கள். அமெரிக்காவில் 43 என்றால் 200 பந்தயம் ஜெயித்த ரிச்சர்ட் பெட்டி, நீல நிறம் என்று குழந்தைக்கும் தெரியும். எங்கள் தாழ்வாரத்தில் பையன்கள் அவரவர் வீட்டுப் படகு நம்பரின் கடைசி இரண்டு எண்ணைப் போட்டுக்கொள்கிறார்கள்.

செருப்பு வெட்டி டயர் செய்யலாமா அங்கிள்?
எட்டாம் வகுப்பு மாணவர், பெரியபட்டினம்

செய்யலாம்டா தம்பி. நாங்கள் சின்ன வயதில் நுங்கு வண்டி அலுத்த பிறகு செருப்புச் சக்கரத்துக்குத்தான் வந்தோம். பெரிய பந்தயக்காரர்கள் ரிமோட் ஓவல் காருக்கு ஸ்பாஞ்ச் டயர்தான் போடுகிறார்கள், அதுவும் உன் ஹவாய் செருப்பும் தூரத்துச் சொந்தம். தேய்ந்த செருப்பின் குதிகால் பக்கத்தை எடுத்துக்கொள், அங்கே ரப்பர் அமுங்கிக் கெட்டியாக இருக்கும். முனை கூராக்கின ஸ்டீல் குழாயைக் குத்தித் திருகினால் வட்டமாக வரும். சக்கரத்தில் ஒட்டி, காரை ஓடவிட்டு, பின் டயருக்கு அடியில் உப்புத்தாளைப் பிடித்தால் தன்னாலே உருண்டையாகத் தேய்ந்துகொள்ளும். வலது டயர் இடதைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும்போது நிறுத்து. ஏன் என்று மேலே கீழக்கரை அண்ணனுக்குச் சொல்லியிருக்கிறேன். அப்பாவின் செருப்பை வெட்டாதே.

என் கார் ஸ்கேல் வேகத்தில் 300 கிலோமீட்டர் ஓடுகிறது. நிஜ நாஸ்கார் வேகத்தைத் தொட்டுவிட்டேன் என்று நண்பர்களிடம் சொன்னால் சிரிக்கிறார்கள். நான் சொல்வது சரிதானே?
பொறியியல் மாணவர், ராமநாதபுரம்

பெருக்கல் சரி, சந்தோஷம்தான் தப்பு. என் வெளித்தடம் ஒரு சுற்று 5.58 மீட்டர், 2.4 நொடியில் வரும், அதாவது மணிக்கு 8.4 கிலோமீட்டர். 32-ஆல் பெருக்கினால் 268. ஆனால் காரைச் சுருக்கினோமே தவிர பூமியின் இழுப்பைச் சுருக்கவில்லை. காந்தம் இல்லாமல், தட்டையான 50 சென்டிமீட்டர் வளைவில், டயர் நன்றாகப் பிடித்தால் நொடிக்கு 2.2 மீட்டர், அதாவது மணிக்கு 8 கிலோமீட்டர்தான் உச்சம். உங்கள் கார் 60 கிராமோ 120 கிராமோ, இந்தக் கணக்கில் எடையே வராது. மோட்டாரை மாற்றிப் பணத்தைக் கரைக்கிறவர்கள் இதைப் பார்க்க வேண்டும், 8 கிலோமீட்டருக்கு மேலே போகிற மோட்டார் எல்லாம் நேர் பாதையின் அந்த நாலு அடிக்குத்தான் பிரயோஜனம்.

டேடோனாவை அளவு மாறாமல் சுருக்கிக் கட்டலாமா? சரிவு எப்படி வைப்பது?
தச்சர், ஏர்வாடி

டேடோனா இரண்டரை மைல். 32-ல் ஒரு பங்காகச் சுருக்கினாலும் சுற்றளவு 126 மீட்டர். ஏர்வாடியில் அவ்வளவு பெரிய தாழ்வாரம் யாரிடம் இருக்கிறது? குட்டி ஓவல்களைப் பாருங்கள். மார்ட்டின்ஸ்வில் அரை மைலுக்குக் கொஞ்சம் மேலே, சுருக்கினால் 26 மீட்டர், மொட்டை மாடியில் அடங்கும்.

சரிவுக்கு ஒரு சூட்சுமம் இருக்கிறது. வெளி ஓரத்தைச் சும்மா முட்டுக்கொடுத்துத் தூக்கினால் பலகை முறுக்கிக்கொள்ளும், ஏனென்றால் சரிவான திருப்பம் தட்டை இல்லை, கூம்பில் வெட்டின துண்டு. சுண்டல் பொட்டலம் மாதிரி. 15 டிகிரி சரிவு வேண்டுமானால் மெல்லிய பிளைவுட்டில் 180 டிகிரி அரைவட்டத்துக்குப் பதிலாக 174 டிகிரி வெட்டுங்கள், வளைத்து முனைகளை நேர் பாதையோடு சேர்க்கும்போது வெளிப்பக்கம் தானே எழும்பும். டேடோனா மாதிரி 31 டிகிரி கேட்டால் 154-க்கு வந்துவிடுவீர்கள், அந்த வளைவுக்குப் பிளைவுட் சம்மதிக்காது. மார்ட்டின்ஸ்விலில் 12 டிகிரிதான், நமக்கும் அது போதும்.

ஒரு வாரம் ஓட்டாமல் வைத்தால் செம்பு பச்சை பூத்துவிடுகிறது. மோட்டாரும் கிறீச்சிடுகிறது. கடல் எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம்.
வாசகி, தங்கச்சிமடம்

உப்புக் காற்று வாடையில் அடித்தாலும் கச்சானில் அடித்தாலும் உப்புக் காற்றுதான். செம்பை உப்புத்தாளால் தேய்க்காதீர்கள், பட்டை மெலிந்துவிடும், பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பென்சில் ரப்பரால் தேய்த்தால் பளிச்சென்று வரும். மோட்டார் அச்சுக்குத் தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு, ஒரே சொட்டு. தேங்காய் எண்ணெய் விட்டால் நாலு நாளில் பிசின் மாதிரி ஆகிவிடும், கிறீச்சுக்குக் காரணம் அதுவாகவே இருக்கலாம். கார்களை மூடி இறுகின டப்பாவில், மாத்திரை டப்பாக்களில் வருகிற சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு போட்டு வையுங்கள். மணல் இன்னொரு எதிரி. ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்னாலும் செல்லோ டேப்பை ஒட்டுப்பக்கம் மேலே இருக்கிற மாதிரி பலகையில் வைத்து டயரை அதில் உருட்டி எடுங்கள். எவ்வளவு ஒட்டிக்கொண்டு வருகிறது என்று பார்த்தால் ஆச்சரியப்படுவீர்கள்.

எங்கள் செட்டில் ஒருத்தன் யாருக்கும் தெரியாமல் காரில் என்னவோ செய்து ஜெயித்துக்கொண்டே இருக்கிறான். என்ன செய்யலாம்?
வாசகர், சாயல்குடி

இது ஸ்டாக் கார் அளவுக்கே பழைய வியாதி. 1949 ஜூனில் சார்லட்டில் நாஸ்காரின் முதல் ‘ஸ்ட்ரிக்ட்லி ஸ்டாக்’ பந்தயம் நடந்தது. முதலில் வந்தவர் கிளென் டன்னவே. சோதித்துப் பார்த்தால், சாராய வண்டிகளில் செய்கிற மாதிரி பின் ஸ்பிரிங்கில் வேலை செய்திருந்தார்கள். தூக்கிவிட்டு, இரண்டாவதாக வந்த ஜிம் ரோப்பருக்குப் பரிசைக் கொடுத்தார்கள். முதல் பந்தயத்திலேயே இந்தக் கதை!

நீங்களும் சோதனை வையுங்கள். பாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்த பிறகுதான் ஆட்டம். மோட்டார் எல்லோருக்கும் ஒரே பொட்டலத்திலிருந்து, சீட்டுக் குலுக்கி எடுத்துக் கொடுங்கள். நம் பக்கத்து மாட்டு வண்டிப் பந்தயத்தில் பெரிய மாடு, நடு மாடு, பூஞ்சிட்டு என்று பிரித்து விடுவார்கள், பூஞ்சிட்டில் பெரிய மாட்டைக் கொண்டுவந்து கட்டினால் ஊர் விடுமா? அப்புறம் தடத்தை மாற்றி மாற்றி ஓட்டுங்கள். இரண்டு தடத்துக்கும் 10 சென்டிமீட்டர் இடைவெளி என்றால் வெளித்தடம் ஒரு சுற்றுக்கு 63 சென்டிமீட்டர் நீளம் அதிகம், ஆனால் வளைவு அகலம், வேகமாகப் போகலாம். ஆளுக்கு இரண்டு நிமிடம் உள்ளே, இரண்டு நிமிடம் வெளியே, மொத்தச் சுற்று யாருக்கு அதிகமோ அவர் ஜெயித்தார். உங்கள் ஆள் ஒருவேளை எப்போதும் ஒரே தடத்தைப் பிடித்துக்கொள்கிறாரோ என்னவோ, அதையும் பாருங்கள்.

சுற்று எண்ணத் தெரியாமல் சண்டை வருகிறது.
வாசகர், வாலிநோக்கம்

பழைய கால்குலேட்டர் ஒன்று எடுங்கள். 1 + 1 அழுத்தி, பிறகு = பொத்தானை அழுத்த அழுத்த ஒவ்வொன்றாக ஏறுகிறதா பாருங்கள், ஏறினால் அது போதும். பின் மூடியைத் திறந்து = பொத்தானின் இரண்டு முனையிலும் மெல்லிய வயர் பற்றவைத்து, மறுமுனையில், காந்தம் பக்கத்தில் வந்தால் தானாகச் சேருகிற ஒரு ரீட் சுவிட்ச் இணைத்து, பலகைக்கு அடியில் பள்ளத்தின் ஓரமாகப் பதித்துவிடுங்கள். காரின் அடியில் காந்தம் (திருப்பாலைக்குடிக்காரர் கவனிக்க). கார் கடக்கும்போதெல்லாம் ஒரு எண் ஏறும். வேகமாகக் கடந்தால் சில கால்குலேட்டர் தவறவிடும், அதனால் கோட்டுக்கு நேராக வைக்காமல் கார் மெதுவாக வருகிற திருப்பத்தின் வாசலில் வையுங்கள். அதுவும் சரிவராவிட்டால் புளியங்கொட்டையும் ஒரு டின்னும், பொய் சொல்லாத ஒரு பாட்டியும்.

நம்ம ஆள் யாராவது நாஸ்காரில் ஓட்டியிருக்கிறார்களா?
வாசகர், திருப்புல்லாணி

கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன். 2010-ல் டிரக் தொடரில் மார்ட்டின்ஸ்விலில்தான் முதலில் இறங்கினார், 13-வதாக வந்தார். ஃபார்முலா ஒன் ஓட்டினவருக்கு அந்தக் குட்டி ஓவல் முதல் தடவை.

மொட்டை மாடியில் ரிமோட் கார் வைத்து ஓவல் ஓட்டுகிறோம். இரண்டு பேர் ஓட்டினால் என் ரிமோட்டுக்கு அவன் கார் திரும்புகிறது.
வாசகர், கீழக்கரை

இரண்டும் 27 மெகாஹெர்ட்ஸ் பொம்மைகளாக இருக்கும். 2.4 கிகாஹெர்ட்ஸ் வாங்குங்கள், பத்துப் பேர் சேர்ந்து ஓட்டலாம். தட்டு ஓடு பதித்த தளத்தில் இடுக்கில் சின்னச் சக்கரம் மாட்டும், பெரிய அளவுக் கார்தான் சரி. பேட்டரியை மட்டும் வெயிலில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள், லிப்போ வகை பேட்டரி உப்பிவிட்டால் அதை மறுபடி சார்ஜ் போடவே கூடாது.

எங்கள் வீட்டில் எட்டுக்கு நாலு பலகை வைக்க இடமே இல்லை. வீட்டுக்காரரும் பையனும் கேட்கிறார்கள், எனக்கோ துணி காயப்போடவே இடம் இல்லை.
இல்லத்தரசி, மோர்ப்பண்ணை

நியாயம்தான் சகோதரி. எங்கள் வீட்டிலும் இதே பேச்சு ஓடியது. பலகையின் ஒரு நீளப் பக்கத்தைச் சுவரோடு கீல் போட்டு, மறுபக்கத்து இரண்டு மூலையிலும் வலைக்கயிறு கட்டி, உத்தரத்தில் இரண்டு கப்பி மாட்டிச் சுவரோடு சுவராகத் தூக்கி நிறுத்திவிட்டோம். படகு வீட்டில் கப்பிக்கா பஞ்சம்? அடிப்பக்கம் வெளியே தெரியும், அதில் நாலு கொக்கி அடித்தால் ஈரத்துண்டு காயப்போட்டுக்கொள்ளலாம், எங்கள் வீட்டில் இப்போது அதுதான் நடக்கிறது. தூக்குவதற்கு முன்னால் கார்கள் எல்லாவற்றையும் எடுத்தாயிற்றா என்று மட்டும் பையனை ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்கள். முதல் நாள் நான் பார்க்கவில்லை. மூன்று கார் தரையில், ஒன்று அடுக்களைச் சாம்பார் சட்டியில்.